பலாப்பழத்துக்கு பெல்ட், பிள்ளைக்கு மடி

அன்பு மகனே,

இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா ஏதோ தனிமையில் புலம்பியிருக்கிறாள் என்று நீயாக லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உன்னைப் போனில் கூப்பிட்டேன். "கிறிஸ்மஸுக்கு மூணு பேரும் வாரோம்மா, ராஜபாளையம் ஸ்டேஷனுக்குக் கார எடுத்துட்டு வந்துரு" என்றாய். சந்தோஷம். பேரன் ஜோயலுக்கு என்று பின்சீட்டில் ஒரு பிள்ளை நாற்காலி மாட்டியிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "மறுபடியும் ஆரம்பிக்காதம்மா, எனக்கு மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்கு என்னடா மீட்டிங்? போனை வைத்துவிடலாம். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, மேஜையில் கண்ணில் பட்டுக்கொண்டே கிடக்கும். அதனால்தான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கோடு போட்ட தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எஸ்தருக்கும் வாசித்துக் காட்டு. உன் பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாதது எதையும் நான் எழுதவில்லை. உனக்கே தெரியாத ஒன்றை எழுதப்போகிறேன், அது பிறகு.

மே மாதம் நடந்ததை நீ மறந்திருப்பாய். எனக்கு அந்த வசதி இல்லை, அதனால் வரிசையாகச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எஸ்தர் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினோம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் உன் அப்பா அன்றைக்கு வரவில்லை. சம்பந்தியம்மா வாசல்வரை வந்து, கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்துத் தோப்பிலிருந்து வந்த பலாப்பழம் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பழம். டிக்கியில் உங்கள் பெட்டிகள், பின்சீட்டில் நானும் எஸ்தரும் பைகளும். நீ பழத்தைத் தூக்கி முன்சீட்டில் வைத்தாய். வைத்து இரண்டு அடி நகர்வதற்குள் கார் டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது. யாரோ ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று அது நினைத்துக்கொண்டது. நீ என்ன செய்தாய்? நிறுத்தி, பெல்ட்டை இழுத்து, பழத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கிளிக் என்று மாட்டினாய். மாட்டிவிட்டு அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இனி எங்கயும் உருளாது" என்றாய். உன் பக்கத்து பெல்ட் மாட்டுகிற ஓட்டையில், நீயே சென்னையிலிருந்து எனக்குப் பரிசு மாதிரி வாங்கிக்கொண்டு வந்த அந்த இரும்பு நாக்கு சொருகியிருந்தது. பெல்ட் போடாமலே போட்டுவிட்டதாகக் காரை நம்பவைக்கிற சாமான். அப்படி உட்கார்ந்துகொண்டு, "ஜோயல் குட்டி, வா, இன்னைக்கு நீதான் டிரைவர்" என்று பின்னாலிருந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய்.

"ஏலே, பிள்ளைய எங்கிட்ட குடு" என்றேன். "இந்தா இருக்கு ராஜபாளையம், மெதுவாத்தான் போறேன்" என்றாய். மெதுவாகத்தான் போனாய், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. எஸ்தர் வீடியோ எடுத்தாள். பிள்ளை இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலே வண்டி ஓட்டினான். நானும் பார்த்துச் சிரித்தேன், அந்தச் சிரிப்பும் வீடியோவில் இருக்கிறது. மில் வாசலில் ஷிப்ட் விடுகிற நேரம். பின்னால் காடாத்துணிக் கட்டோடு பைக்கில் வந்த ஒருத்தன் கையும் காட்டாமல் லைட்டும் போடாமல் குறுக்கே திரும்பினான். நீ பிரேக்கை அழுத்தினாய். பைகள் எல்லாம் முன்னால் போய் விழுந்தன, நான் உன் சீட்டின் முதுகில் மோதினேன், என் கண்ணாடி கழன்றது. பலாப்பழம் அசையவில்லை. ஜோயலின் முகம் ஸ்டீயரிங்கில் போய் அடித்தது, ஹாரன் ஒரு சத்தம் போட்டது. "என்னலே, ஹாரன் அடிக்கியா?" என்று சிரித்தாய். பிறகுதான் உன் வெள்ளைச் சட்டையில் ரத்தத்தைப் பார்த்தாய். உதடு கிழிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு தையல்கூட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அந்த "அவ்வளவுதான்" என்ற வார்த்தையை நீ அன்றைக்கு எத்தனை தடவை சொன்னாய் என்று நான் எண்ணாமல் விட்டது உன் நல்ல காலம்.

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும். நீயும் கத்தினாய். "என்னையும் நீங்க இப்படித்தான வளத்தீங்க? அப்பா ஸ்கூட்டர்ல மூணு பேரா போகல? ஹெல்மெட் உண்டா, பெல்ட் உண்டா? எனக்கு என்ன ஆயிருச்சு இப்போ?" என்று என் முகத்துக்கு நேரே நின்று கேட்டாய். நான் வாயை மூடிக்கொண்டேன். உன் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் தோற்றுப்போனோம் என்று நீ நினைத்தாய். இரண்டு நாள் முன்னதாகவே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியும் போனாய். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஏழு மாதமாக அதை எழுதலாமா வேண்டாமா என்றுதான் உருட்டிக்கொண்டிருந்தேன்.

நான் பெரிய டிரைவர் என்று சொல்லவரவில்லை. உன் அப்பாவுக்குக் கண்பார்வை மங்கி, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஐம்பத்தேழு வயதில் வேறு வழியில்லாமல் படித்தவள். பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் மேஜையில் முப்பது வருஷம் நின்றவளுக்குத் துணியில் ஒரு இழை விட்டிருந்தால் கண்ணில் படும், எதிரே வருகிற லாரி கண்ணில் படாது. முதல் வாரம் முழுக்க கிளட்ச் எது, பிரேக் எது என்று குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டினேன். "கீழ என்னம்மா தேடுறீக? ரோடு மேல இருக்கு" என்பார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மாதக் கடைசியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. நினைத்த இடத்தில் வண்டி நிற்கிறது, அணையாமல் கிளம்புகிறது, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தேன். லைசென்ஸ் வாங்கி நம் காரை எடுத்த முதல் நாள் தெருமுனையிலேயே மூன்று தடவை அணைந்துபோனது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஸ்கூல் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் இருந்திருக்கின்றன. நான் ஓட்டினேன் என்று நினைத்ததில் பாதியை அவர்தான் ஓட்டியிருக்கிறார். சிரிக்காதே, நீ ஓட்டுவதிலும் பாதியை எதிரே வருகிறவன்தான் ஓட்டுகிறான்.

அந்த ரோஷத்தில்தான், காரோடு வந்து டேஷ்போர்டு டப்பாவில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடந்த புத்தகத்தை எடுத்தேன். இங்கிலீஷ் புத்தகம். காலையில் வேத வாசிப்பு முடிந்ததும் இதில் இரண்டு பக்கம். புரியாததை எஸ்தருக்கு வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்புவேன், அவள் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து தமிழில் சொல்லி அனுப்புவாள். உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று அவளையே கேட்டுக்கொள். படிக்கப் படிக்க, நாம் ரோட்டில் செய்வதில் பாதி தப்பு என்று தெரிந்தது. நாலுமுக்குச் சந்திப்பில் நேராகப் போவதென்றால் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட வேண்டும் என்று நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறதே, அது எந்த நாட்டுச் சட்டம்? மாஸ்டரே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்: "நேரா போறோம்னு நாலையும் போட்டுருங்கம்மா, எல்லாப் பயலும் வழி விட்டுருவான்." நானும் போட்டேன். இடது பக்கத்திலிருந்து வந்த டவுன் பஸ்காரருக்கு என் வண்டியின் இடது பக்க விளக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நான் இடது கைப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று நினைத்து அவர் பாட்டுக்கு முன்னால் வந்துவிட்டார். மயிரிழையில் தப்பினேன். அவர் ஜன்னலை விட்டுத் தலையை நீட்டி, "யம்மா, எங்கதான் போறீக? ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். வண்டி பழுதாகி வழியில் நிற்கும்போது போடுகிற விளக்கு அது என்று புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருக்கிறது. நீயும் அதைத்தான் செய்கிறாய், மழை பெய்தாலும் செய்கிறாய். இன்ஜினியர்.

ஆரம்பித்ததுதான் ஆரம்பித்தேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். நீ டிரைவர் சீட்டை ஈஸிசேர் மாதிரி சாய்த்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுகிறாய். அப்படிச் சாய்ந்தால் பெல்ட் போட்டாலும் அது நெஞ்சில் நிற்காது, கழுத்துக்கு வந்துவிடும். முதுகு நிமிர்ந்து, பிரேக்கை அடிவரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கிற தூரத்தில் உட்கார வேண்டும். சந்தில் உரசிவிடும் என்று பக்கத்துக் கண்ணாடிகளை மடக்கினாய், பெரிய ரோட்டுக்கு வந்த பிறகும் விரிக்கவில்லை. வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குகிறாய், ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இருப்பதே உனக்கு ஞாபகம் இல்லை. எதிரே வருகிறவன் கண் கூசினால் உனக்கென்ன என்று பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு போகிறாய். அன்றைக்கு பிரேக் மிதித்தபோது காலுக்கடியில் கரகரவென்று நடுங்கியதாம், ஏதோ உடைகிறது என்று நினைத்து நடுவில் காலைத் தூக்கினாயாம், எஸ்தர் சொன்னாள். அது உடைகிற சத்தம் இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க வண்டி தானே விட்டுவிட்டுப் பிடிக்கிறது. அப்போது காலை எடுக்கக் கூடாது, அழுத்தியே வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பத்தாம் வகுப்புப் படித்த எனக்குத் தெரிந்தது உனக்கு ஏன் தெரியவில்லை? போன் வாங்கிய அன்றைக்கே அதற்குக் கண்ணாடி ஒட்டி, உறை போட்டு, கழுத்தில் மாட்டக் கயிறு வேறு வாங்குகிறாய். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி...

சரி, விடு. பேசிப் பேசி என் பக்கம் மட்டும் சுத்தம் என்று காட்டிக்கொள்கிறேன். என் கதையையும் கேள். கார் வாங்கிய புதிதில் போதகர் வந்து ஜெபம் செய்தாரே, அன்றைக்குச் சபையில் கொடுத்த, வேத வசனம் பொறித்த தேக்குப் பலகையை நான்தான் டேஷ்போர்டில் ஒட்டினேன். பார்வையாக இருக்கட்டும் என்று முன்சீட்டுக்கு நேர் எதிரே, பிய்க்க முடியாத பசை போட்டு. இரண்டு வருஷம் அது அங்கேயே இருந்தது. ஜூலையில் சர்வீஸுக்கு விட்டபோது அங்கே வேலை பார்க்கிற ஒரு சின்னப் பெண், "ஆன்ட்டி, இத எதுமேல ஒட்டியிருக்கீங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "இதுக்கு அடியிலதான் ஏர்பேக் மடிச்சு வச்சிருக்கு. பலமா இடிச்சா கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள இந்த மூடியப் பிச்சிக்கிட்டு பை வெளிய வரும். பொறவு இந்தப் பலகை எங்க போகும்? முன்னால இருக்கவங்க மூஞ்சிக்குத்தான் போகும்." அந்த இடத்தில் தினமும் உட்கார்ந்து வருகிறவர் உன் அப்பா. பக்தியாக ஒட்டிய பலகையை அவர் முகத்துக்குக் குறிவைத்து ஒட்டியிருக்கிறேன். அந்தப் பெண் சூடுகாற்று வைத்துப் பசையை இளக்கிப் பெயர்த்துத் தந்தாள். உன் அப்பாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். "வசனத்தப் பேத்துட்டியேட்டி" என்றார். வசனம் வீட்டுச் சுவரில் இருந்தாலும் நம்மைக் காக்கும் என்று சொல்லி நடுவறையில் மாட்டினேன்.

அதே பெண்தான் உன் இரும்பு நாக்கையும் பார்த்தாள். நீ ஊருக்குப் போன பிறகும் அது அங்கேயேதான் இருந்தது. கத்திய நானே அதைப் பிடுங்கி எறியவில்லை, பக்கத்துத் தெருவுக்குப் போகிறபோது வசதியாக இருந்தது. அவள் அதை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, "இத யாரு வாங்கிக் குடுத்தா?" என்றாள். என் மகன் என்றேன். "என்ன வேல பாக்காக?" இன்ஜினியர் என்றேன். அவள் அதை என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்குத்தான் காது சூடானது. பெல்ட்டும் பையும் சேர்ந்தால்தான் காவல், பெல்ட் ஆளைப் பின்னால் பிடித்துவைத்தால்தான் பை அவனைத் தாங்கும், பெல்ட் இல்லாமல் அதன்மேல் போய் விழுகிறவனுக்கு அந்தப் பையே அடி என்று பொறுமையாகச் சொன்னாள். நான் மெதுவாகக் கேட்டேன், "ஸ்டீயரிங்குக்கும் ஓட்டுறவருக்கும் நடுவுல, மடியில, ஒரு சின்னப் பிள்ள இருந்தா?" துடைத்துக்கொண்டிருந்த துணியை அவள் கீழே வைத்துவிட்டாள். "அத மட்டும் கேக்காதீங்க ஆன்ட்டி" என்றாள். மே மாதம் அந்தப் பை விரியவில்லை. நீ கெட்டிக்காரனாக ஓட்டியதால் இல்லை, அந்த பைக்கில் இடிக்காமல் ஒரு முழத்தில் நின்றுவிட்டதால். வீட்டுக்கு வரும் வழியில் ஓரமாக நிறுத்தி, செத்த நேரம் அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது உன் கேள்வி. "எனக்கு என்ன ஆயிருச்சு?" உன் இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில், காறை எலும்பில் விரலை வைத்துத் தடவிப் பார். ஒரு முடிச்சு இருக்கும். மூன்று வயதில் கொய்யா மரத்தில் ஏறி விழுந்ததில் வந்தது என்று எஸ்தரிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். நீ எந்த மரத்திலும் ஏறவில்லையடா. அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அண்ணன் எனக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்திருந்தான். நம் வீட்டுக்கு வந்த முதல் மிக்ஸி. அப்பா ஸ்கூட்டரை ஓட்டினார், நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அப்பாவுக்கு முன்னால் நிற்கிறவன் நீ, அன்றைக்குத் தூங்கி வழிந்ததால் என் மடியில் இருந்தாய். அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தேன். அதற்கும் என் வயிற்றுக்கும் நடுவில் நீ. அந்த நெருக்கமே உன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ரயில்வே கேட்டை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பா வேகத்தைக் கூட்டினார். முடியாது என்று தெரிந்ததும் பிரேக்கை அடித்தார். என் இரண்டு கையும் தானாக இறுகின. எதை இறுக்கின என்பதுதான் விஷயம். பெட்டியை இறுக்கின. நீ பக்கவாட்டில் வழுக்கி ரோட்டில் விழுந்தாய். மிக்ஸிக்கு ஒரு கீறல் இல்லை.

எலும்பு முறிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். உன் கையைத் தொங்கவிட்டுக் கட்டிய துணி எங்கள் கம்பெனித் துணி, என் கையால் செக்கிங் பார்த்து அனுப்பிய சரக்காகக்கூட இருந்திருக்கும். வீட்டில் உன் அப்பாவைப் பெற்றவர்கள் இருந்தார்கள். மிக்ஸியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைக் கீழே போட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லுவார்களே என்று பயந்தேன். அப்பா வாசலில் வைத்தே, "கொய்யா மரத்துல ஏறி விழுந்துட்டான்" என்று சொல்லிவிட்டார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அந்தச் சாயங்காலமே உன் தாத்தா அந்த மரத்தை ஆள்வைத்து வெட்டினார். காய்த்து நின்ற மரம், ஒரு பாவமும் அறியாதது. நான் அடுப்படியிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். அதிலிருந்து கல்யாணவீடு, துக்கவீடு, எங்கே போனாலும், "மூணு வயசுலயே மரம் ஏறுன பயல்லா, எம்புட்டுச் சேட்ட" என்று சொந்தக்காரர்கள் உன் தலையில் குட்டினார்கள். நீ எதையாவது உடைத்தால் நானே அந்தக் கதையைச் சொல்லி உன்னை வைதிருக்கிறேன். செய்யாத சேட்டைக்கு. அந்த மிக்ஸி பல வருஷம் நன்றாக ஓடியது. ஒவ்வொரு நாள் காலையிலும் சட்னி அரைக்கும்போது எனக்கு மனது குறுகும். மன்னித்துக்கொள் மகனே. மே மாதம் நீ பலாப்பழத்துக்கு பெல்ட் மாட்டியதைப் பார்த்தபோது எனக்கு வந்தது உன்மேல் வந்த கோபம் மட்டும் இல்லை.

இதை எழுதப்போகிறேன் என்று உன் அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். "ஏட்டி, இப்போ எதுக்கு அதக் கிளறுத?" என்றார். பேப்பரைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார், ஒரு பக்கமும் திருப்பவில்லை. நான் சோறு வைக்கப் போன பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றார். "எழுது. வண்டிய ஓட்டுனது நான்னும் எழுது. கேட்டுக்கு முன்னாலயே நிறுத்தியிருக்கலாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு வா. காலையில் ரயில் வருவதற்கு முன்பே நான் ஸ்டேஷன் வாசலில் காரோடு நிற்பேன். நான்தான் ஓட்டுவேன், சாவிக்குக் கையை நீட்டாதே. அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன், முன்சீட்டில் எஸ்தர் உட்காரட்டும், பெல்ட் போட்டுக்கொண்டு. ஜோயலின் நாற்காலியைப் பின்சீட்டில் ஜன்னல் ஓரமாக மாட்டியிருக்கிறேன். சீட்டும் அதன் முதுகும் சேருகிற இடுக்கில் இரண்டு இரும்புக் கம்பி இருக்கிறது, அதில் அதன் கொக்கி சிக்கென்று விழ வேண்டும். சர்வீஸ் பெண்ணே வந்து ஆட்டிப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றாள். பின்கதவின் ஓரத்தில் இருக்கிற சின்ன விசையையும் தள்ளிவிட்டேன், உள்ளேயிருந்து பிள்ளை கதவைத் திறக்க முடியாது. நீ அவன் பக்கத்தில் உட்கார், உனக்கும் அங்கே பெல்ட் இருக்கிறது. பெட்டி பைகள் எல்லாம் டிக்கிக்குள். கொள்ளாவிட்டால் ஆட்டோவில் பின்னால் வரட்டும்.

அவன் அழுவான். கட்டிப்போட்டால் பிடிக்காது, கையைக் காலை உதறுவான் என்று எஸ்தர் இப்போதே பயப்படுகிறாள். உனக்கு மனது கேட்காது, பாவம்மா, வீடுதான் வந்துருச்சே, தூக்கிக்கிடுதேன் என்பாய். அந்த நேரத்துக்காக ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். ரயில்வே கேட்டில் விழுந்தபோது நீ அழவில்லை. தார் ரோட்டிலிருந்து உன்னை அள்ளி எடுத்தேன், கண் திறந்துதான் இருந்தது, சத்தமே வரவில்லை. ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் உன் உள்ளங்காலைக் கிள்ளிக்கொண்டே போனேன், "அழுலே, அழுலே, எஞ்சாமி, ஒரு சத்தம் போடுலே" என்று. நீ அழவே இல்லை. டாக்டர் உன் தோளைத் தொட்ட பிறகுதான் வீரிட்டு அழுதாய். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார்கள்.

ஜோயல் ஸ்டேஷனிலிருந்து வீடுவரைக்கும் தொண்டை கிழிய அழட்டும். நான் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். நீ அவனைத் தூக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா